ஆமையக்காவின் இட்லிக் கடை

குளக்கரையில் இணைய விளம்பரத் தொழில் நடத்திய மைனா, ஆமையக்காவின் இட்லிக் கடைக்கு அழகாக ஒரு விளம்பரம் போட்டது. கடல் தாண்டியெல்லாம் ஆயிரம் பேர் லைக் போட்டார்கள்.

"ஆயிரம் பேருக்குப் பிடிச்சிருக்காமே, சாப்பிட ஒருத்தரும் வரலையே? இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்," என்றது ஆமை.

மைனாவின் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் அது குளத்தைச் சுற்றி வீடு வீடாகப் போய் விசாரித்தது.

"இங்கே கடை இருக்கிறதே தெரியாதே!" என்றது கொக்கு.

"காரமில்லாத சட்னி கிடைக்குமா?" என்று கேட்டது தவளை.

மைனா வந்து சொன்னதும் ஆமை காரமில்லாத தேங்காய்ச் சட்னி அரைத்தது. மைனா அதையும் கடைக்கு வழியையும் குளக்கரை வாட்ஸ்அப் குழுவில் எழுதியது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே இட்லிப் பானை காலி. ஆமை எடுத்துவைத்திருந்த இரண்டு இட்லியை மைனா நிறைவாகச் சாப்பிட்டது. அப்போது தையல்கடை நண்டு வந்து, "என் கடைக்கும் விளம்பரம் போடேன்," என்றது.

"போடலாம் அண்ணே. முதல்ல உங்க தெருவைச் சுத்திப் பார்த்துட்டு வர்றேன்," என்று மைனா எழுந்தது.