இறங்கும் லிஃப்டில் நாற்பத்தொரு கிலோ

அவள் லிஃப்டுக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, எடை மெஷினின் முள்ளுக்கு நேராகச் செல்போன் கேமராவைப் பிடித்தாள்.

மெஷின் மேல் மாணவி முப்பிடாதி நின்றாள். பதினோராம் வகுப்பு. கைகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

முள் நாற்பத்தொன்றில் நின்றது.

அது ஜவுளிக்கடையின் நான்காம் மாடி. ஊரில் லிஃப்ட் இருப்பது இங்கே மட்டும்தான்.

"போவலாமா டீச்சர்?" லிஃப்ட் ஓட்டுபவர் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி."



டீச்சர் படித்தது தாவரவியல். பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் மாறுதலில் போய் ஒன்றரை வருடம். புது ஆள் வரவில்லை. தலைமையாசிரியர் இயற்பியலையும் அவளையே எடுக்கச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில், அடுப்படியில் நின்றபடியே, யூடியூபில் ஒரு பேராசிரியரின் பாடத்தைக் கேட்பாள். ஒன்பது லட்சம் பேர் பின்தொடரும் பேராசிரியர். இரண்டு முறை கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வாள். வகுப்பில் அதே பாடத்தைத் திரையில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுப்பாள்.

லிஃப்ட் கீழே போகும்போது எடை குறைவாகக் காட்டும் என்று அவர் சொல்லியிருந்தார்.

தேர்வில் அதையே கேட்டாள். ஒரே சீரான வேகத்தில் கீழே இறங்கும் லிஃப்டில், மெஷின் காட்டும் எடை என்ன ஆகும்?

முப்பத்தாறு பேர் குறையும் என்று எழுதியிருந்தார்கள்.

முப்பிடாதி மட்டும், மாறாது.

அவள் சிவப்பு மையால் சுழித்து இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தாள்.

மறுநாள் முப்பிடாதி விடைத்தாளோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"மார்க் வேண்டாம் மிஸ். ஆனா இது தப்பில்ல."

"அந்த சார் சொன்னதக் கேட்டேல்ல?"

"கேட்டேன் மிஸ். கெளம்பும்போதுதான் கொறையும். ஒரே வேகத்துல போயிட்டு இருந்தா எதுக்குக் கொறையணும்?"



டீச்சர் பாடப்புத்தகத்தைப் புரட்டினாள். ஒரே ஒரு வரி முப்பிடாதியின் பக்கம் இருந்தது. அவள் ஏற்கெனவே வாசித்த வரிதான். புரியாமல் தாண்டிப் போயிருந்தாள்.

பேராசிரியரின் பாடத்தை மறுபடி ஓடவிட்டாள். பதினோரு நிமிடம். அவர் ஓரிடத்திலும் தயங்கவில்லை.

"சனிக்கிழமை வீட்ல சொல்லிட்டு வா," என்றாள் முப்பிடாதியிடம். "லிஃப்ட்ல நின்னே பாத்துருவோம்."

பள்ளியின் எடை மெஷினைக் கேட்டு வாங்கி, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தாள்.

"ம். இப்ப விடுங்க அண்ணாச்சி."

ஒரு சின்னக் குலுக்கல். லிஃப்ட் கிளம்பியது.

முள் முப்பத்தெட்டுக்கு இறங்கியது.

 இந்தப் பெண் சொன்னதே சரியாக இருக்க வேண்டும் என்று தான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது.

முப்பிடாதி மூச்சுவிடவில்லை.

முள் ஏறியது. முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

அங்கேயே நின்றது.

மூன்றாம் மாடி கடந்தது. இரண்டாம் மாடி கடந்தது.

முள் அசையவில்லை.

தரைத்தளம் நெருங்கும்போது நாற்பத்து நான்கைத் தொட்டுவிட்டு, லிஃப்ட் நின்றதும் நாற்பத்தொன்றுக்கே வந்தது.

"இன்னொரு தடவ மிஸ்," என்றாள் முப்பிடாதி.

ஆறு தடவை ஏறி இறங்கினார்கள். துணிப் பைகளோடு காத்திருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே படியில் நடந்தார்கள். கடைசித் தடவை முப்பிடாதியைப் பட்டன் அழுத்தச் சொல்லிவிட்டு, அண்ணாச்சியே மெஷினில் ஏறினார்.

"எனக்கும் அப்படியே நிக்கு டீச்சர்!"

செல்போனில் எடுத்த படத்தைப் பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு அனுப்பினார்கள். முப்பிடாதி சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். 'ஐயா, நீங்கள் சொன்னது லிஃப்ட் கிளம்பும் நேரத்துக்குச் சரி. போய்க்கொண்டிருக்கும் நேரத்துக்குச் சரியில்லை.'

ஒன்பது நாள் பதில் இல்லை.

பத்தாம் நாள் அவருடைய புதுப் பாடம் வந்தது. காலையில் அடுப்படியில் முதல் நிமிடத்தைக் கேட்டதும் அடுப்பை அணைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. வகுப்புக்குப் போய்த் திரையில் ஓடவிட்டாள்.

"போன பாடத்தில் நான் சொன்னது தவறு," என்று தொடங்கினார் பேராசிரியர். "ஒரு பள்ளி மாணவி லிஃப்டில் நின்று பார்த்துக் காட்டியிருக்கிறார்."

திரையில் எடை மெஷின். அதன் மேல் இரண்டு பாதங்கள்.

முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள். "ஏட்டி, அது ஒன் காலுட்டி!"

வகுப்பே எழுந்துவிட்டது. முப்பிடாதி மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

சத்தம் அடங்கியதும் டீச்சர், திரும்ப வாங்கி வைத்திருந்த விடைத்தாள் கட்டைப் பிரித்தாள். முப்பிடாதியின் தாளில் சிவப்புச் சுழியை அடித்து, இரண்டு மதிப்பெண் போட்டாள். மற்ற முப்பத்தாறு தாள்களையும் கையில் எடுத்தாள்.

முப்பிடாதி எழுந்தாள்.

"அவங்களுக்குக் கொறைக்காதீங்க மிஸ். நீங்க சொல்லிக் குடுத்ததத்தான எழுதுனாங்க."



வெட்கப்பட வேண்டிய நேரம்தான். டீச்சருக்கோ முதுகு நிமிர்ந்தது.

"ஆமா," என்றாள். "தப்பு என்னோடது."

தாள்களை அப்படியே கட்டி வைத்தாள்.

அடுத்த பாடம், உராய்வு. ஜன்னல்களைச் சாத்தி, திரையை இறக்கி, ஓடவிட்டாள்.

மூன்றாவது நிமிடத்தில் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"கொஞ்சம் நிறுத்துங்க மிஸ்."

அது முப்பிடாதியின் குரல் அல்ல.

டீச்சர் பாடத்தை நிறுத்தினாள். ஒரு சாக்பீஸை எடுத்து, அந்தப் பக்கம் நீட்டினாள்.