கொச்சியின் குறைகள்

"அங்க பாதி வருஷம் மழைதான்," என்றார் மாமா, முதல் கவளத்தை வாயில் போடும் முன்பே.

என் மனைவி மர்வாவுக்குக் கொச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. வருகிறேன் என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் நெய்ச்சோறு, கறியோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்தையும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

என் மாமனார் அஹமது கபீர் ஷார்ஜாவில் காலமெல்லாம் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர். எதிலும் நல்லது கெட்டது பார்க்காமல் இறங்க மாட்டார். கத்திரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துதான் பையில் போடுவார். கொச்சியில் மட்டும் நல்லது என்று ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை.

அங்கே சோறு கொட்டை கொட்டையாக இருக்குமாம். குடிக்கிற தண்ணீரில் ஏதோ பட்டையைப் போட்டுச் சிவப்பாக்கி வைப்பார்களாம். மீன் குழம்பில் நம்ம புளியே போட மாட்டார்களாம்.

"நான் படிக்கப் போறேனா, விருந்துக்குப் போறேனா வாப்பா?" என்றாள் மர்வா.

மாமி பல்கீஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மர்வா சிரிக்கவில்லை. நுழைவுத்தேர்வுக்காக அவள் கண்விழித்துப் படித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். சாப்பிடாமல் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஜோன்ஸ், வீட்டோட மாப்பிள்ளை என்று என்னை ஓட்டாத நாள் இல்லை. வந்ததிலிருந்து நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டதால் பதில் பேசவும் வழியில்லை.

மாமாவும் நானும் எப்போதும் ஒரே சஹனில்தான் சாப்பிடுவோம். இரண்டு பேர் கை வைக்கிற பெரிய தட்டு அது. கொச்சியைத் திட்டிக்கொண்டே நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

நான் மர்வாவின் கட்சி. சுங்க அதிகாரிகளிடம் பேசிப் பேசிச் சரக்கை வெளியே எடுப்பதுதான் என் பிழைப்பு. அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தேன். ராத்திரி தூத்துக்குடியில் பாலருவி ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். பெண்களுக்குத் தனி விடுதி. படிக்கும்போதே ஆராய்ச்சிக் கப்பலில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப் போவார்கள்.

"கப்பலா? ஒங்க துறைமுகத்துல இல்லாத கப்பலா?" என்றார் மாமா. என் சரக்கு வெளியே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து என் உம்மா வந்தாள். வீடு அடுத்த தெருவில்தான். கையில் தம்மடை, அதுவும் சூடாக. இனிப்பைக் கீழே வைத்த கையோடு எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

உம்மா கொச்சியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி புகழ்ந்தாள். மழை உடம்புக்கு நல்லதாம். சிவப்புத் தண்ணீர் ரத்தத்துக்கு நல்லதாம். பெண் பிள்ளைகளைப் படிக்க விட வேண்டுமாம், அதுவும் நல்ல தூரமாகப் போய்ப் படித்தால்தான் படிப்பு மண்டையில் ஏறுமாம்.

மருமகளுக்காக இப்படி வாதாடுகிற மாமியார் எந்த ஊரில் இருக்கிறாள்? எனக்குப் பெருமையாக இருந்தது. மாமாவின் முகம்தான் இன்னும் சுருங்கிப்போனது. பாதியில் எழுந்து பின்கட்டுக் குழாயடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

மாமா சோப்பை எடுத்தார். கை சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டே நின்றார். கொச்சியைப் பற்றி இன்னொரு குறை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அவ போயிட்டா, நீங்களும் ஒங்க உம்மா வீட்டுக்குப் போயிருவியளே மாப்பிள்ளை," என்றார், குழாயைப் பார்த்துக்கொண்டு.



ஊரில் அதுதான் வழக்கம். மனைவி இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை? ஆனால் எனக்கு அது தோன்றவே இல்லை. மழை மேலும் புளி மேலும் மாமாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஷார்ஜாவில் யார் யாரோடோ அறையைப் பங்கு போட்டுக்கொண்டு காலத்தைக் கழித்த மனுஷன். ஒரே மகள். எனக்கும் வாப்பா முகம் சரியாக நினைவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான், சாப்பிட நேரமானால் வாசலில் நின்று என்னை எதிர்பார்க்கிற ஒரு ஆம்பளையைப் பார்த்தேன். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்லத்தான் தெரியவில்லை.

"மாமி சோறு போடுத வரைக்கும் நான் எங்கயும் போவ மாட்டேன் மாமா," என்றேன்.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக உள்ளே போனார். இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய், சரி என்று அனுப்ப வேண்டியதுதானே என்று மர்வாவை ஒரு அதட்டு அதட்டினார்.

மர்வா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மாமி அழுதுகொண்டே தம்மடையை வெட்டினார்.

எல்லாரையும்விட உம்மாவுக்குத்தான் சந்தோஷம். முகமெல்லாம் பல்லாக என் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துக்கொண்டு போனாள். யாருக்கும் கேட்காமல் என் காதோரம் சொன்னாள்.

"போன வாரமே ஒன் பழைய ரூமுக்கு வெள்ளையடிச்சு, ஏசியும் மாட்டிட்டேன்."