ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டான் விமல்ராஜ்.

அவன் அம்மா செல்லியம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கிளாரிஸ்.

கிளாரிஸ் கறுப்பினப் பெண். காங்கோவிலிருந்து போன குடும்பம். பிறந்து வளர்ந்தது பிரஸ்ஸல்ஸில். விமல்ராஜ் வேலை பார்க்கும் அந்த ஊரில் படம் எடுக்கிறவள், கோயில் பார்க்க வந்திருக்கிற தோழி என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தான். செவிலிமேட்டு வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது.

இந்தப் படமும் அவள் எடுத்ததுதான்.

மெட்ரோ ஸ்டேஷன் வாசல். சர்ச் முடிந்து வந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர். யாரோ ஸ்பீக்கரைப் போட, அறுபது வயதுக்காரி ஒருத்தி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தாள். கரிய உடம்பில் பளீரென்று மஞ்சள் உடை. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் யாருக்காகவும் நிறுத்தவில்லை.

கறுத்த உடம்புக்கு அடிக்கிற கலர் ஆகாது என்று செல்லியம்மாளுக்குக் கல்யாணப் புடவையே அரக்கில்தான் எடுத்தார்கள். காஞ்சிபுரத்துக் கடையில், அத்தனை நிறத்துக்கு நடுவில்.

"போலீஸு ஒண்ணும் சொல்லாதா?"

விமல்ராஜ் கேட்டுச் சொன்னான். "முன்னெல்லாம் வந்து கலைச்சிருக்காங்களாம். அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடி வந்து ஆடுவாங்களாம்."

செல்லியம்மாள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள்.

திரையில் ஆடியவள் கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னாள். கிளாரிஸ் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னா சொல்றாங்க?"

"முப்பது வருஷம் இந்த ஊரு ஆபீஸெல்லாம் பெருக்கினேன், இன்னிக்கு இந்த ரோடு என்னுதுன்னு சொல்றாங்க. அது இவங்க அம்மா."

படம் முடிந்தது. செல்லியம்மாள் மறுபடி போடச் சொன்னாள். அந்த முகம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் இருந்த முகத்தையும் பக்கத்தில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு, மகன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"சம்பந்தியம்மாவுக்கு என்னா கலர் புடிக்கும்னு கேளுப்பா. போவசொல்ல ஒரு பட்டு எடுத்துக்கினு போவட்டும்."

என்ன சொல்கிறார் என்று கிளாரிஸ் அவனைப் பார்த்தாள்.

கலரைச் சொன்னான். பட்டைச் சொன்னான். முதல் வார்த்தைக்கு மட்டும் அவனுக்கு இங்கிலீஷ் கிடைக்கவில்லை. அம்மா பார்க்க, கிளாரிஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.