ஓரம் இல்லாத படகு

படகு உடைந்ததாகப் படகுச் சோதனை அலுவலகக் கணினி ஒப்புக்கொள்ளும்வரை, தனியாகக் கடலுக்குப் போன கஸ்பார் இறந்தவர் ஆகமாட்டார். கோயிலில் அவருக்கு இறந்தோர் பூசை வைக்க முடியவில்லை. மாலையானால், ‘உங்கள் கணவர் கடலில் நலம்’ என்று அவர் மனைவி பிரகாசியின் போனுக்கு அந்தக் கணினியின் செய்தி மட்டும் தவறாமல் வந்தது.

அவள் அந்த அலுவலகத்துக்கே போய்விட்டாள். பொறியாளர் இளவழகன், முழுப் படகுக்கும் மாதிரியாகக் கணினி சோதிக்கும் நகத்தளவு ஃபைபர் துண்டைத் திரையில் காட்டினான்.

“எவ்வளவு இழுத்தாலும் இதுல விரிசல் வரலக்கா. இதுக்கு நாலு பக்கமும் இதே துண்டுதான், அப்படியே போய்க்கிட்டே இருக்கும்.”

“எதுவரைக்கும் தம்பி?”

“கணக்குல முடிவே கிடையாது.”

கரை ஒதுங்கிய படகு விளிம்பின் துண்டொன்றைப் பையிலிருந்து எடுத்து அவள் மேசைமேல் வைத்தாள். விளக்கு மாட்ட கஸ்பார் தன் கையால் போட்ட துளையிலிருந்து அது கிழிந்திருந்தது. இளவழகன் அதைத் தொடவில்லை.

“இது கணக்குல வராதுக்கா. அதுல ஓரம்னு ஒண்ணு இல்ல.”

“சரி தம்பி. எல்லாப் பக்கமும் படகுதான்னா, எங்க வீட்டுக்காரரு எதுல விழுந்தாரு?”

பதிலுக்காக அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் பைக்குள் போன் அதிர்ந்தது. உங்கள் கணவர் கடலில் நலம்.