நாலாவது கால்

எந்த ஊர் என்று முடிவு செய்யாமலேயே உபதேசியார் யோவேல் ஊழியத்துக்காக மலையேறிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு மர நாற்காலி. பின்னால் பையோடு வந்த மனைவி எப்சிபா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"நாற்காலி எதுக்குங்க?"

"ஆண்டவர் எடுத்துக்கோன்னாரு. எதுக்குன்னு நான் கேக்கல."

அந்தக் குரலில் ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

வளைவு திரும்பியதும் மூன்று ஆண்கள் திகைத்து நின்றிருந்தார்கள். பிரசவ வலியில் துடித்த பெண்ணை அவர்கள் தூளி கட்டித் தூக்கிவந்த கம்பளி கிழிந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில் இருந்தது.

யோவேல் நாற்காலியை இறக்கினார். எப்சிபா தன் மாற்றுச் சேலையால் அந்தப் பெண்ணை அதில் சேர்த்துக் கட்டினாள். மூன்று பேரும் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். நாலாவது காலை யோவேல் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"நீங்க எங்க போகணும் ஐயா?" என்றான் ஒருவன்.

"கீழதான்" என்று எப்சிபா முந்திக்கொண்டாள்.