இப்போ எங்க கீறே?

"அக்கா, வேன்ல தொரத்துறானுங்க! கையில வெட்டிட்டானுங்க!"

வயர்லெஸ்ஸில் டாக்ஸி டிரைவர் குப்புராஜ் அலறினான். கொலை வழக்கில் சாட்சி சொல்ல செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன். தாம்பரம் ஆபீசிலிருந்து டாக்ஸிகளுக்கு வழி சொல்லும் அருள்மேரி பதறிப்போனாள்.

"இப்போ எங்க கீறே?"

"ஊரப்பாக்கம்!"

"ரைஸ்மில் பின்னாடி போய் நில்லு. நம்ம வண்டிங்கள அனுப்புறேன்."

இரண்டே நிமிடத்தில் மறுபடி அலறல். "இங்கியும் வந்துட்டானுங்கக்கா!"

"ஏரிக்கரைக்குப் போ!"

அங்கேயும் வந்துவிட்டார்கள். கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. அதோடு எல்லாம் அடங்கிப்போனது. அருள்மேரி அழுதேவிட்டாள்.

சிறிது நேரத்தில் டெலிபோன் அடித்தது.

"அக்கா, வண்டிய வுட்டுட்டு ஓடியாந்து பூத்லேர்ந்து பேசுறேன். நீ சொல்றதெல்லாம் அவனுங்க வேன்லியும் கேக்குதுக்கா. போன மாசம் திருடுபோன நம்ம வயர்லெஸ் செட்டு அங்கதான் கீது."

இவ்வளவு நேரம் அவனைக் காட்டிக்கொடுத்தது தானேதான் என்று அவளுக்குப் புரிந்தது. முதலில் போலீசுக்கு போன் செய்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள்.

"பன்னெண்டாம் நம்பர்! குப்புராஜ் வண்டலூர் ரயில்வே கேட்டாண்ட தனியா ஒளிஞ்சிகினு கீறான். சீக்கிரம் போய் ஏத்திக்கோ."

அவர்களிடம் இருந்தது மொத்தமே பத்து டாக்ஸிகள்.