கேஸ் குறையுது

"உம்மா, இண்டைக்கு என்ன ஆணம்?"

"கீரிமீன் ஆணம் மகன். முருங்கக்கீரயும் சுண்டினன்."

தோஹாவில், தங்குமிடக் கட்டிலில் சாய்ந்திருந்த றிஸ்மி கைபேசியைப் பார்த்தான். பாலமுனை வீட்டுக் கேஸ் சிலிண்டரின் நிறை அதில் தெரிந்தது. போன கிழமை இருந்த அதே இலக்கம். ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

வாப்பா மவுத்தாகி லீவில் போயிருந்தபோது அவன் செய்து வைத்துவிட்டு வந்த வேலை அது. எலக்ட்ரோனிக் சாமான்களோடு மல்லுக்கட்டுவதில் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். சிலிண்டருக்குக் கீழே ஒரு பலகை, அதன் மூலைகளில் மலிவு விலை ஸ்ட்ரெயின் கேஜ் சென்சர்கள். பாரம் ஏறினால் அதிலுள்ள இரும்பு மயிரளவு வளையும். அந்த வளைவை நிறையாகக் கணக்கிட்டு வைஃபையில் அனுப்பிவிடும். தனியாக இருக்கும் உம்மாவுக்கு, கேஸ் முடியுமுன் புதுச் சிலிண்டர் எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் செய்தான். உம்மாவின் பொய்யைப் பிடிப்பதற்கென்று செய்யவில்லை.

முதலில் அவன் சென்சரைத்தான் ஏசினான். மலிவுச் சாமான், வெக்கைக்குப் பிழையாகக் காட்டுகிறது போல. சாச்சியின் மகள், தங்கை முறையான முஸ்பிறா வீட்டுக்கு வந்த ஒருநாள், பலகையில் ஓர் அரிசிப் பையை வைக்கச் சொல்லிப் பார்த்தான். இலக்கம் சரியாக ஏறியது.

கேஸ் ஏன் குறையவில்லை என்று அன்று உம்மாவிடம் கேட்டே விட்டான்.

"ஒத்த ஆளுக்கு என்னத்த மகன் ஆக்குற?" என்றார் உம்மா. "வாப்பா போன நாள்ல இருந்து எனக்குச் சோறு இறங்குதில்ல."

அவனுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "நீங்க ஆக்கித் திங்காட்டி நான் வேலைய விட்டிட்டு வந்திருவன். அல்லாஹ்வுக்காகச் சொல்றன் உம்மா."

உம்மா பதறிப் போனார். வாப்பா ஓடித்திரிந்து எடுத்துக் கொடுத்த வேலை, ஊரில் வந்து என்ன செய்வாய் என்று கெஞ்சினார். இனி ஒழுங்காகச் சமைப்பதாகச் சொன்னார்.

மறுநாள் பகல் இலக்கம் குறைந்தது. மாலையில், மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் குறைந்தது. அதன் பிறகு ஒருநாளும் தவறவில்லை. வீடியோவில் எடுத்தால் மட்டும் உம்மா கமராவை முகட்டுக்குத் திருப்பிவிடுவார். அது அவருடைய பழைய வெட்கம். போகட்டும், சாப்பிடுகிறாரே! அறைத் தோழர்களுக்கெல்லாம் கைபேசியைக் காட்டி, எங்கட உம்மா சமைக்கிறாங்க என்று சிரித்தான்.

கேஸ் முடியும் தறுவாய்க்கு வந்தது. புதுச் சிலிண்டரோடு முஸ்பிறாவை அனுப்பினான். பகல் சமையல் நேரம். சாப்பிட்டுவிட்டே போ என்றும் சொல்லியிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் அவளே அழைத்தாள்.

"காக்கா..."

அவன் எழுந்து நின்றான். "உம்மாக்கு என்ன?"

"ஒண்டுமில்ல. குசினிக்குள்ளதான் இரிக்காங்க. எலும்பும் தோலுமாப் போயிட்டாங்க காக்கா."

"நல்லாத்தானே ஆக்கித் தின்னுறாங்க. இப்பயும் குறையுது, நான் பார்த்துட்டுத்தான் இரிக்கன்."

"ஓம் காக்கா, அடுப்பு ரெண்டும் நல்லா எரியுது," என்றாள் முஸ்பிறா. "மேல சட்டிதான் ஒண்டும் இல்ல."